பயணத்தில் திதிக்ஷை

நெடுந்தூரப் பேருந்து கழக்கூட்டத்தை நெருங்கும்போது, திருவனந்தபுரம் செல்வோரின் மனத்தில் ‘எப்போது இறங்குவோம்?’ என்ற ஒரே எண்ணம்தான் இருக்கும்.

இப்பகுதிக்கு ரயில் வராத காலம் அது. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் எர்ணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தார். முந்தைய இரண்டு நாட்களும் சிறிதளவு பாலைத் தவிர ஏறக்குறைய எதுவும் உட்கொள்ளவில்லை. பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தை அடைந்ததும், வழித்துணையாக வந்த முகமதிய ஊழியருக்கு உணவளித்து அனுப்பச் செய்தார். அதன் பின்னரே தம் பசியை நினைத்தார்.

கவலையும் புலம்பலுமின்றித் துன்பத்தைப் பொறுப்பதை வேதாந்தம் ‘திதிக்ஷை’ என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சகிப்பவரின் மனம் தன் வலியிலேயே உழலும். திதிக்ஷை உடையவரின் மனமோ பிறர் பசியையும் காணும்.

அயல்நாட்டில் இரவு பகலாகப் பேருந்தில் செல்ல நேர்ந்தாலும், அருகில் இருப்பவர் உண்டாரா என்று பார்ப்போம். அதுவே சாதனை.