இறங்க மறுக்கும் லைனர்



நெல் பூக்கும் தருணத்தில் வயல் காய்ந்தால் கதிரில் பதர் மிகும். அந்த நாளில் ஆயில் எஞ்சின் நின்றுவிட்டால் பழுது பார்ப்பவரை நாம் அவசரப்படுத்துவது இயல்பு. அவசரத்தில் அடிபடுவது பெரும்பாலும் சிலிண்டர் லைனர்தான். பழைய லைனரைக் கழற்றிவிட்டுப் புதியதை இறக்கும்போது அது பாதியில் நின்றுகொள்ளும். உடனே சம்மட்டி கைக்கு வந்துவிடும். ஆனால் லைனர் இறங்காததற்குக் காரணம் நம் பலம் போதாமை அன்று. வழியில் ஏதோ ஒரு தடை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நீக்குவதே வேலை.

தடை எங்கிருந்து வருகிறது?

பல எஞ்சின்களில் குளிர்விக்கும் நீர் லைனரின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். நீர் கீழே ஆயிலில் கசியாதபடி லைனரின் அடிப்பகுதியில் ரப்பர் வளையங்கள் தடுக்கின்றன. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960களின் இறுதியிலேயே தெரியவந்தது. இத்தகைய கிணற்று நீரையே எஞ்சினுக்குள்ளும் விட்டால், லைனர் உட்காரும் இடங்களில் துருவும் உப்புப் படிவும் ஏறும். துளை குறுகும், புதிய லைனர் சிக்கும்.

ஆயில் மோர் நிறமாக மாறினாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் உயர்ந்தாலோ நீர் கசிகிறது என்று கொள்ளலாம். எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

இறக்கும் முறை

1. பழைய லைனரைப் புல்லர் கொண்டு இழுத்து எடுக்கவும். பின் மேலே லைனரின் விளிம்பு உட்காரும் பள்ளத்தையும், கீழே ரப்பர் வளையம் பதியும் இடத்தையும் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கவும். நீர் ஓடும் அறையில் தங்கிய சேற்றையும் கழுவி வெளியேற்றவும்.

2. ரப்பர் வளையம் இல்லாமலே புதிய லைனரை ஒருமுறை இறக்கிப் பார்க்கவும். கையால் அழுத்தினால் முழுதும் இறங்க வேண்டும். கையால் திருப்பினால் சுற்ற வேண்டும். சிக்கினால் லைனரின் மேல் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசி மீண்டும் இறக்கி எடுக்கவும். கரி அழிந்த இடமே தடை உள்ள இடம்.

3. லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் மட்டத்திற்கு மேல் சிறிதளவு நிற்க வேண்டும். நேரான இரும்புப் பட்டையையும் ஃபீலர் கேஜையும் வைத்து, எஞ்சின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடவும். பள்ளத்தில் அழுக்கு இருந்தால் லைனர் சாய்ந்து நிற்கும். ஹெட்டை முடுக்கும்போது விளிம்பு உடையும்.

4. ரப்பர் வளையங்கள் புதியனவாக இருக்கட்டும். முறுக்கு இல்லாமல் போட்டு, கையேட்டில் வேறு கூறாவிடில் சோப்பு நீர் தடவவும். எண்ணெயும் கிரீசும் சிலவகை ரப்பரை உப்பச் செய்யும். பிளாக்கில் வளையம் நுழையும் ஓரம் கூராக இருந்தால் ரப்பரை அறுத்துவிடும், உப்புத்தாளால் மழுக்கவும்.

5. இரு கைகளாலும் நேராக அழுத்தவும். கடைசி அரை அங்குலத்திற்குத் தட்டையான தகடும் நீண்ட போல்ட்டும் கொண்டு சீராக முடுக்கலாம். இரும்புச் சுத்தியல் கூடாது. லைனர் வார்ப்பிரும்பு, விரிசல் விடும். மீண்டும் நின்றால் வெளியே எடுத்து வளையத்தைப் பார்க்கவும்.

6. பிஸ்டனைப் போடுமுன் இரு சோதனைகள் அவசியம். வளையம் உள்ள மட்டத்தில் லைனரின் உள் அளவைக் குறுக்கும் நெடுக்குமாகப் போர் கேஜால் அளக்கவும். தடித்த வளையம் லைனரை உள்நோக்கி நெருக்கியிருந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். அடுத்து, நீர் அறையை நிரப்பி ஓர் இரவு விட்டு, அடியில் ஈரம் கசிகிறதா என்று பார்க்கவும். போர் கேஜ் இல்லாதவர்கள் லாரி, படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் திருவொற்றியூர், இராயபுரம் பகுதி லேத் பட்டறைகளில் அளந்து பெறலாம்.

படகுக்காரர்களிடம் கற்க வேண்டியவை

கடல்நீரோடு பழகும் காசிமேட்டு விசைப்படகுகளிடம் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, பல படகு எஞ்சின்களுக்குள் சுற்றுவது நன்னீர்தான்; கடல்நீர் குழாய்களின் வழியே அதன் சூட்டை மட்டும் வாங்கிச் செல்கிறது. நாமும் உப்புக் கிணற்று நீரை எஞ்சினுக்குள் விடாமல், 200 லிட்டர் டிரம்மில் மழைநீரையோ நல்ல நீரையோ நிரப்பி அதையே சுற்றவிடலாம். எஞ்சின் பல மணி நேரம் ஓடுமானால் நீர் சூடேறாதபடி இரண்டு டிரம்களை இணைக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைப் பழுது பார்த்துவிடுகிறார்கள். நமக்கும் அறுவடைக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் இடையே ஓய்வு உண்டு. எஞ்சினை அப்போது பிரித்தால் தடையைத் தேடப் பொறுமை இருக்கும். பயிர் வாடும் நாளில் பிரித்தால் சம்மட்டிதான் துணைக்கு வரும். பத்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலைக்குப் புதிய பிளாக்கின் விலையைக் கொடுக்க நேரலாம்.