உழவு முடிந்தது, கலப்பையை எங்கே வைப்பது?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் கரிசக்காட்டில் டிராக்டருக்கு உழவு வேலை கிடையாது. மானாவாரி விதைப்பு அதற்குள் முடிந்திருக்கும். பிறகு தை, மாசியில் அறுவடை. சித்திரையில் கோடை மழை விழுந்தால் மறுபடி உழவு. நடுவில் ஆறு மாசம் கலப்பை சும்மா கிடக்கும். இந்த ஆறு மாசத்தில் முதல் ரெண்டு மாசம்தான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய மழை. ஆக, கருவி சும்மா இருக்கும் காலமும் அது நனையும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கிறது. உழுது உழுது தேய்ந்து போய்த் தூக்கிப் போட்ட கலப்பையை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலியோரம் நின்று நின்றே துருப்பிடித்து, போல்ட்டெல்லாம் இறுகி, பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போன கலப்பைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். மூடாக்கு, பலதானிய விதைப்பு என்று போகப் போக உழவு குறையும். 10 ஏக்கர்க்காரர் 9 கொத்துக் கலப்பையை வருஷத்துக்கு 15 நாள் ஓட்டினால் பெரிசு. மிச்சம் 350 நாளும் அது நிற்கப் போகிறது. உழுகிற 15 நாளைப் பற்றி ஷோரூமில் நிறையச் சொல்வார்கள். நிற்கிற 350 நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு இது புத்தி வந்தது ஒரு ஆட்டை இழந்த பிறகு. மண் சமப்படுத்துகிற லெவலர் பலகையை இடம் அடைக்கிறதே என்று தொழுவத்துச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தேன். வெயில் காலம் பூரா அசையாமல்தான் நின்றது. கார்த்திகை மழையில் அடிமண் ஊறியது. கரிசல் ஊறினால் எப்படி இளகும் என்று கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பலகை சரிந்து, அதன் கீழ் சினை ஆடு. ஆடு போனதுகூட ஆறிவிடும். அன்றைக்குப் பகலில் அதே சுவரடியில்தான் எங்கள் வீட்டுப் புள்ளைங்க ரெண்டும் பக்கத்து வீட்டுப் புள்ளையும் உட்கார்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடின. அந்த நினைப்பு இன்னைக்கு வரைக்கும் போகவில்லை. அதனால் இந்தப் பாடத்தில் முதல் விதி இது: டிராக்டர் கருவி எதையும் சாய்த்து வைக்கக் கூடாது. படுக்க வையுங்கள், அல்லது அதற்குரிய முட்டில் நிறுத்துங்கள். 9 கொத்துக் கலப்பையே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். கேஜ் வீலை நிமிர்த்தி வைத்தால் சுவரும் தாங்காது, தரையும் தாங்காது. அது உருளுவதற்கென்றே செய்த சாமான். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போடுங்கள்.

கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்

கடைசிச் சால் ஓட்டிய அன்றைக்கே, கருவி டிராக்டரில் தூக்கிய நிலையில் இருக்கும்போதே மண்ணைத் தட்டிவிட வேண்டும். தூக்கிய கருவிக்கு அடியில் போகும் முன்னால் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டுப் போங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது.

மண்ணை ஏன் விடக் கூடாது? இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. ஒட்டிய மண் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். மண் கட்டியை உடைத்துப் பாருங்கள், வெளியில் இருக்கும் துருவைவிட கட்டிக்கு அடியில் இருப்பது குழி குழியாக ஆழமாய் இறங்கியிருக்கும். சாணிப்பால், ஜீவாமிர்தம் தெளித்த கருவி என்றால் உப்பும் புளிப்பும் சேர்ந்து இன்னும் வேகமாகத் தின்னும். வாடகைக்குப் போய் ரசாயன உரம் போட்ட விதைப்புக் கருவி என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டியின் மூலையில் ஒரு பிடி பொட்டாஷ் தங்கினால் போதும், அடுத்த வருஷம் பெட்டிக்கு அடித்தகடு இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிசு. கோரைக் கிழங்கும் அருகம்புல் தண்டும் பார்த்தீனிய விதையும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பெரும்பாலும் கலப்பையில்தான் சவாரி போகின்றன. ரெண்டு வருஷம் கையால் கோரை பறித்துச் சுத்தம் செய்த நிலத்தில், கழுவாத ரோட்டவேட்டர் ஒரே நாளில் கிழங்கை இறக்கிவிடும். அங்ககச் சான்று வாங்குபவர்கள் பொதுக் கருவியைச் சுத்தம் செய்து பயன்படுத்த வேண்டும் என்பது விதிமுறையிலேயே இருக்கிறது.

ரோட்டவேட்டர் தண்டில் சுற்றியிருக்கும் வைக்கோல், சணல், பாலிதீன் கயிறு எல்லாவற்றையும் அரிவாளால் அறுத்து எடுங்கள். ரெண்டு முனையிலும் பேரிங் ஓரமாகச் சுற்றிய கயிறு ஆயில் சீலைத் தின்னும். சீல் போனால் ஆயில் கசியும், உள்ளே தண்ணீர் இறங்கும், பிறகு பேரிங். ஒரு முழக் கயிறுதான், செலவு ஆயிரக்கணக்கில்.

எந்த எண்ணெய்?

தண்ணீர் விட்டுக் கழுவினால் ஒரு பகல் நல்ல வெயிலில் காய வேண்டும். காய்ந்து இரும்பு சூடாக இருக்கும்போதே எண்ணெய் பூசினால் இடுக்கில் இறங்கும். எல்லா இடமும் வேண்டாம். பெயின்ட் இருக்கும் சட்டத்துக்கு அவசியமில்லை. மண்ணில் தேய்ந்து பளபளக்கும் கொழு, இறக்கை, சட்டி, பிளேடு, இவைதான் வெறும் இரும்பு. இந்தப் பளபளப்பு நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. வழவழப்பான இறக்கையில்தான் மண் வழுக்கி விழும். துருப்பிடித்துச் சொரசொரத்தால் கரிசல் மண் அப்பிக்கொள்ளும், டிராக்டர் திணறும், டீசல் போகும். மணல் நிலத்தில் ரெண்டு ஏக்கர் உழுதால் மறுபடி பளபளப்பு வந்துவிடும். களிமண்ணில் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஊரில் எல்லாரும் பூசுவது இன்ஜினில் இருந்து இறக்கிய கறுப்பு ஆயில். காசு இல்லை, ஒட்டி நிற்கும், துருவையும் தடுக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அதில் இன்ஜினில் தேய்ந்த உலோகத்தூளும், எரிந்து கெட்ட, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருட்களும் கலந்திருக்கின்றன. சட்டமும் அதைத் தீங்கான கழிவுப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கொழுவில் பூசியது அடுத்த உழவில் எங்கே போகும்? நேராக நம் மண்ணுக்குள். மண்புழுவை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நாம் அதை எப்படிச் செய்வது?

நான் விளக்கெண்ணெய் பூசுகிறேன். கெட்டியான எண்ணெய், சீக்கிரம் வழியாது, காய்ந்து பிசினாகவும் ஆகாது. நம் தாத்தாக்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்டது நினைவிருக்கும். புங்க எண்ணெய், வேப்பெண்ணெயும் ஆகும், ஆனால் விளக்கெண்ணெயைவிட இளக்கம், சீக்கிரம் வடிந்துவிடும். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம், எலியும் எறும்பும் தேடி வரும். கொஞ்சம் தேன்மெழுகு கிடைத்தால் நாலு பங்கு விளக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசினால் களிம்பு மாதிரி ஒட்டும். நேரடி அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். ஒன்று சொல்லிவிட வேண்டும்: கறுப்பு ஆயில் அளவுக்கு இது நாள் தாங்காது. மழைக் காலத்தில் மாசம் ஒரு தடவை துணியால் ஒரு துடைப்பு துடைக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

பேரிங், ஜாயின்ட், பின் ஆகியவற்றுக்குக் கிரீஸ்தான். அதில் மாற்று தேட வேண்டாம். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை புதுசை அடியுங்கள், உள்ளே புகுந்த ஈரமும் அதோடு வந்துவிடும். ரோட்டவேட்டர் கியர்பாக்ஸ் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஆறு மாசம் விடாமல் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். ஹைட்ராலிக் சிலிண்டர் உள்ள கருவி என்றால் ராடை உள்ளே இழுத்த நிலையில் வையுங்கள். ஹோஸ் வாயை மூடியால் அடையுங்கள், இல்லாவிட்டால் துணியாவது கட்டுங்கள், குளவி கூடு கட்டும்.

இடமும் வரிசையும்

கொட்டகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாலு கம்பு நட்டுப் பனையோலையோ கீற்றோ போட்டாலே போதும், சுவர் தேவையில்லை. காற்று ஓடினால்தான் இரும்பு காயும். தார்ப்பாயைச் சேலை சுற்றுவது மாதிரி சுற்றிக் கட்டுவது எல்லாவற்றிலும் மோசம். உள்ளே வியர்த்து, வெளியில் கிடப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மேலே ஒரு மூங்கில் கொடுத்து, கூரை மாதிரி இழுத்து, தரையில் இருந்து ஒரு அடியாவது தூக்கிக் கட்டுங்கள். குப்பைக்குழிப் பக்கமும் தொழுவத்து மூத்திரம் ஓடும் பக்கமும் வேண்டாம். புளியமரத்து நிழல் நமக்கு நல்லது, கருவிக்கு ஆகாது. பறவை எச்சமும் சருகும் விழுந்து ஊறிக் கிடக்கும்.

தரை மேடாக இருக்க வேண்டும். சரளை பரப்பி, அதன் மேல் பனங்கட்டையோ பட்டியக்கல்லோ போட்டு அதில் கருவியை இறக்குங்கள். வெறும் கரிசலில் இறக்கினால் மழையில் கொழு புதைந்து, வெயிலில் மண் இறுகி, சித்திரையில் கடப்பாரை வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும். நான் தோண்டியிருக்கிறேன்.

கழற்றும்போது: சமதரையில் நிறுத்தி, கருவியின் முட்டுக்காலை இறக்கிப் பின் போட்டு, கருவியை முழுசாகக் கீழே இறக்கி, இன்ஜினை அணைத்து, பி.டி.ஓ. தண்டை முதலில் எடுங்கள். அப்புறம் டாப் லிங்க், பிறகு வலது கை, கடைசியில் இடது கை. பூட்டும்போது இது தலைகீழ். டிராக்டர் பின்னால் வரும்போது கருவிக்கும் டிராக்டருக்கும் நடுவில் ஆள் நிற்கவே கூடாது. "கொஞ்சம் வா, கொஞ்சம் வா" என்று நடுவில் நின்று கைகாட்டுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். பி.டி.ஓ. தண்டைத் தரையில் போடாமல் உள்ளே கிரீஸ் தடவிச் சுவரில் தொங்கவிடுங்கள். டாப் லிங்க், பின் எல்லாம் ஒரு டின்னில் போட்டு வீட்டுக்குள் போகட்டும். திருட்டுப் போவதில் முதல் சாமான் அதுதான்.

வரிசைக்கு நான் செய்வது இது. சுண்ணாம்பை எடுத்துத் தரையில் ஒவ்வொரு கருவிக்கும் அளவாகக் கட்டம் போட்டுவிடுவேன். 9 கொத்துக்கும் 6 அடி ரோட்டவேட்டருக்கும் தலைக்கு 7 அடிக்கு 4 அடி விட்டால் சரியாக இருக்கும். எல்லாக் கருவியும் பூட்டும் பக்கம் வெளியே பார்த்து நிற்க வேண்டும். முன்னால் 20 அடி வெற்றிடம் வேண்டும், டிராக்டரே 12 அடி வரும் இல்லையா. அடுத்த பட்டத்துக்கு முதலில் தேவைப்படுவது வாசலில். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அடிமண் இறுக்கத்தை உடைக்க எடுக்கும் உளிக் கலப்பை கடைசியில். ரெண்டு கருவிக்கு நடுவில் ஒரு ஆள் கிரீஸ் கன்னோடு குனிகிற இடம் விடுங்கள். அந்த இடம் இல்லாவிட்டால் கிரீஸ் அடிக்க மாட்டோம். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா.

நிறுத்தும் அன்றைக்கே பழுதையும் பார்த்துவிட வேண்டும். தேய்ந்த கொழுவைத் திருப்பிப் போடலாமா, புதுசு வேண்டுமா, எந்தச் சட்டத்தில் விரிசல் என்று சுவரில் கரியால் எழுதி வைத்துவிடுங்கள். ஆடி பிறந்த பிறகு வெல்டிங் பட்டறையில் நின்று பாருங்கள், வரிசை ரோடு வரைக்கும் இருக்கும். மார்கழியில் போனால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டே பற்றவைத்துக் கொடுப்பார்.

இவ்வளவு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சிறு விவசாயிக்கு இல்லைதான். எங்கள் ஊரில் நாங்கள் நாலு பேர் பேசி ஒருத்தர் களத்தில் ஒரே கொட்டகை போட்டோம். ஒருவரிடம் ரோட்டவேட்டர், ஒருவரிடம் 9 கொத்து, என்னிடம் லெவலர், இன்னொருவரிடம் விதைப்புக் கருவி. ஆளுக்கு நாலு வாங்கி ஆளுக்கு நாலைத் துருப்பிடிக்க விடுவதற்கு இது மேல். உளிக் கலப்பையை யாரும் வாங்கவில்லை, தேவைப்படும்போது வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்குள் சட்டம் ஒன்றுதான்: கழுவாமல் கொண்டுவந்து விடக் கூடாது. முதல் வருஷம் அதற்கே ரெண்டு சண்டை வந்தது. இப்போது கொட்டகை வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரும்பு பிரஷும் வைத்துவிட்டோம், சண்டை குறைந்தது.

திரும்ப எடுக்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாசம் அசையாத இடத்தில் குடிவருபவர்கள் நிறைய. விதைப் பெட்டிக்குள் எலி, எலியைத் தேடி விரியன். கை விடும் முன்னால் நீளக் கம்பால் சட்டத்தைத் தட்டி, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு எண்ணெயைத் துணியால் துடைத்து, எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பிடித்து, ரோட்டவேட்டரைத் தரையில் படாமல் மெதுவாக ஐந்து நிமிஷம் சுழலவிட்டு, யாரும் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று சத்தத்தைக் கேளுங்கள். பேரிங் இரைந்தால் அன்றைக்குக் காட்டுக்குப் போக வேண்டாம்.