‘மேஜர் சந்திரகாந்த்’ திரைப்படத்தில் அச்சம்: மெய்ப்பாட்டியல் நோக்கு

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், இழவு, சபா நாடகம், கே. பாலசந்தர்

முன்னுரை

புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா போன்றோர் பாய்ஸ் கம்பெனி மேடையிலிருந்து திரைக்கு வந்தபோது உடன் கொண்டுவந்தது பாட்டு. 1960களில் சென்னைச் சபா மேடையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவை உரையாடலும் ஒரு வீட்டுக்குள் அடங்கும் சிக்கலும் ஆகும். கே. பாலசந்தர் தம் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தை 1966இல் ஏவி.எம். நிறுவனத்திற்காகக் கறுப்பு வெள்ளைப் படமாக இயக்கினார். முந்தைய ஆண்டே அந்நாடகம் ‘ஊஞ்சே லோக்’ என இந்தியில் படமாகியிருந்தது. மேடையில் மேஜராக நடித்த சுந்தரராஜனே திரையிலும் நடித்தார்; வேடத்தின் பட்டம் அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. பாலசந்தர் படங்கள்மீது சுமத்தப்படும் ‘நாடகத்தன்மை’ என்னும் குறையே இப்படத்தில் அச்சத்தைத் தோற்றுவிக்கும் கருவியாவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிந்தவரும் அறியாதவரும்

ரஜினிகாந்த் (ஏவி.எம். ராஜன்) கைவிட்டதால் விமலா (ஜெயலலிதா) தற்கொலை செய்துகொள்கிறாள். அவனைக் கொன்றுவிட்டு ஓடும் அவளுடைய அண்ணன் மோகன் (நாகேஷ்), பார்வையற்ற ஓய்வுபெற்ற மேஜரின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறான். கொல்லப்பட்டவன் அந்த மேஜரின் இளைய மகன். மூத்த மகன் ஸ்ரீகாந்த் (முத்துராமன்) காவல்துறை அதிகாரி.

ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ (1954) ‘கொன்றவர் யார்’ என்ற வினாவால் நகர்வது. இங்கே அவ்வினாவுக்கு இடமில்லை. கொன்றவனைப் பார்வையாளர் அறிவர். தந்தை எப்போது அறிவார் என்பதே வினா. காதலும் பாடலும் நிறைந்த முற்பகுதி வழக்கமானதே, சற்று நீண்டதும்கூட. படம் மேஜரின் வீட்டுக்குள் புகுந்து கதவடைத்த பின்னரே இறுக்கம் கொள்கிறது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட நாகேஷைக் கொலையாளியாக்கியதும் கருதத்தக்கது. பார்வையாளர் அவனை அஞ்சுவதில்லை, அவனுக்காக அஞ்சுகின்றனர்.

அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. மோகனின் அச்சம் ‘இறை’யின்பாற்படும், அவன் காவலுக்கு அஞ்சி ஒளிகிறான். பார்வையாளரின் அச்சமோ இந்நான்கனுள் எதிலும் நேராக அடங்குவதில்லை. மேஜர் மோகனிடம் பரிவு காட்டுந்தோறும் அது பெருகுகிறது. அதன் வேர் அழுகைக்குரிய களன்களுள் ஒன்றான ‘இழவு’. இழவு முன்னரே நிகழ்ந்துவிட்டது. இழந்தவர் மட்டும் அதனை அறியார். அழ வேண்டியவர் அழாதிருக்கும் அந்த இடைவெளியில், அழுகை தன் காலம் வரும்வரை அச்சமாக உருக்கொள்கிறது. கண் தெரியாமை இங்கு இரக்கத்தைத் தூண்டும் உத்தி மட்டுமன்று. இவ்விடைவெளியை நீட்டிக்கும் கதைப்பொறி. இடம் மாறிக்கொண்டே இருந்தால் இவ்விடைவெளி சிதறும். மேடை தந்த ஒற்றை வீடுதான் அதனைக் கட்டிக் காக்கிறது.

முறை செய்தல்

பெரியபுராணத்தின் மனுநீதிச் சோழன் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரைச் செலுத்தினான். தவறிழைத்த மகன், முறையில் வழுவாத தந்தை என்னும் அதே இணை இங்கும் உண்டு. ஆனால் முறை செய்யும் கை தந்தையுடையதன்று. மகன் கொல்லப்பட்ட பின்னரே தந்தைக்குச் செய்தி எட்டுகிறது. கொன்றவனுக்கு அடைக்கலம் தந்ததால் அவரும் குற்றத்தில் பங்காளியாகிறார். ஸ்ரீகாந்த் மோகனோடு தன் தந்தையையும் கைது செய்கிறான். தேர்க்காலின் திசை மாறிவிட்டது. மகனிடமிருந்து தந்தையை நோக்கி அது வருகிறது.