மைதானம் கட்டியவர்களின் கணக்கு

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030-ஆம் ஆண்டுப் போட்டிகளை அகமதாபாத்துக்கு வழங்கியது. 2036 ஒலிம்பிக்கை நடத்தத் தயார் என்று அதற்கு முந்தைய ஆண்டே இந்தியா சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருந்தது. கொண்டாட்டப் பேச்சோடு பழைய சில நம்பிக்கைகளும் மறுபடி கிளம்பியிருக்கின்றன. அவற்றைச் சொல்பவர்கள் பலரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் டெல்லி, தோகா, ரியோ நகரங்களில் நடந்தவை வேறு கதை சொல்கின்றன.

“எத்தனையோ ஏழைகளுக்கு வேலை கிடைக்கிறதே!”

வேலை கிடைப்பது உண்மை. கூலி கிடைத்ததா என்பதற்கு உச்ச நீதிமன்றமே பதில் எழுதியிருக்கிறது.

1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் மேம்பாலங்களும் அரங்குகளும் இரவு பகலாக எழும்பின. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா கிராமங்களிலிருந்து ஜமாதார் எனப்படும் மேஸ்திரிகள் ஆட்களை அழைத்துவந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை மேஸ்திரி எடுத்துக்கொள்ள, தொழிலாளியின் கையில் விழுந்தது 8 ரூபாய் 25 காசு. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு இதை நேரில் ஆராய்ந்து நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது.

“அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை” என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலைசெய்ய ஒப்புக்கொள்கிறார் என்றால் பசியும் வறுமையுமே அவரை அதற்குத் தள்ளுகின்றன. ஆகவே அது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. இந்தியத் தொழிலாளர் உரிமை வரலாற்றின் பெருந்தீர்ப்புகளில் ஒன்று, ஒரு விளையாட்டு விழாவின் கட்டுமானத் தளத்தில் பிறந்தது.

அது 1982 செப்டம்பர். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே நகரம், அதே சங்கம், மறுபடியும் ஒரு மனு. 2010 காமன்வெல்த் பணித்தளங்களைப் பார்வையிட டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழு கண்டதும் ஏறக்குறைய அதேதான்: சட்டப்படியான கூலி இல்லை, பாதுகாப்புக் கருவிகள் போதவில்லை, தங்குமிடங்கள் மனிதர் இருக்கத் தகுதியற்றவை. குறைந்தது 43 பேர் இறந்திருந்தார்கள். சட்டம் தெரியாமல் நேர்ந்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எல்லோருக்கும் வழி காட்டும் தீர்ப்பு கையில் இருந்தது.

“இவ்வளவு பெரிய கட்டுமானத்தில் சில உயிர்கள் போகத்தான் செய்யும்”

2012 ஒலிம்பிக்குக்காக லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு பெரும் பூங்காவும் அரங்குகளும் எழுந்தன. பல்லாயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்தக் கட்டுமானப் பணியில் விபத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை. அதிர்ஷ்டத்தால் நடந்ததல்ல இது. ஒப்பந்தம் எழுதும்போதே பாதுகாப்பு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. பணித்தளத்திலேயே மருத்துவ வசதி இருந்தது. ஆய்வாளர்கள் உள்ளே வந்து போனார்கள். ரஷ்யாவில் 2018 கால்பந்து உலகக் கோப்பை மைதானங்களைக் கட்டுகையில் 21 பேர் இறந்ததாகச் சர்வதேசக் கட்டுமானத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. லண்டனின் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த 21-ஐ விதி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

“கத்தாரில் மைதானம் கட்டி 6,500 பேர் செத்தார்கள்”

சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்ப வரும் இந்த வாக்கியம், சொல்கிற வடிவில் சரியல்ல. கத்தாரை விமர்சிப்பவர்கள்தான் இதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

2021 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட கணக்கு அது. உலகக் கோப்பை கத்தாருக்கு வழங்கப்பட்ட 2010 முதல் பத்தாண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து கத்தார் சென்று அங்கே இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 6,500-ஐத் தாண்டியது. இந்தியர் 2,711 பேர். இலங்கையர் 557 பேர். ஓட்டுநர், காவலாளி, கடைப் பணியாளர் என எல்லா வேலையினரும், நோய், சாலை விபத்து, தற்கொலை என எல்லாக் காரணங்களும் இதில் அடங்கும். மைதானத்தில் இறந்தவர்களை மட்டும் பிரித்துக்காட்டும் கணக்கல்ல.

இன்னொரு கரையில் நிற்பது ஏற்பாட்டுக் குழுவின் எண்: மைதானப் பணியில் வேலை சார்ந்த மரணங்கள் மூன்றே. இது முன்னதைவிடப் பெரிய மறைப்பு. உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டவை ஏழு புதிய மைதானங்கள் மட்டுமல்ல. சாலைகள், மெட்ரோ, விடுதிகள், கிட்டத்தட்ட ஒரு புதிய நகரமே எழுந்தது. அந்தத் தளங்களில் இறந்தவர்கள் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளரான ஹசன் அல் தவாதியே 2022 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் “400-க்கும் 500-க்கும் இடையில்” என்றார். அது நாடு முழுவதிலும் 2014 முதல் 2020 வரை எல்லாத் துறைகளிலும் நேர்ந்த வேலையிட மரணங்களைக் குறித்தது என்று குழு பிறகு விளக்கம் கொடுத்தது.

உண்மையான எண் என்ன என்று இன்று யாராலும் சொல்ல முடியாததற்குக் காரணம் இறப்புச் சான்றிதழ்கள். இறந்த இந்தியர்களில் சுமார் எண்பது சதவீதம் பேர் “இயற்கை மரணம்” என்று பதிவானதாகக் கார்டியன் கண்டது. ஊரைவிட்டுப் புறப்படும்போது மருத்துவப் பரிசோதனையில் தேறிய, முப்பது நாற்பது வயதுள்ள ஆண்கள் அவர்களில் ஏராளம். “மாரடைப்பு”, “மூச்சடைப்பு” என்று எழுதிவிட்டால் அதற்குப் பின்னாலிருக்கும் காரணத்தை யாரும் தேடுவதில்லை. பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையும் நடப்பதில்லை. நேபாளத் தொழிலாளர் மரணங்களை வெப்பநிலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்த இதயநோய் நிபுணர்கள், 2019-இல் வெளியான ஆய்வில், கடும் வெயில் மாதங்களில் இதய மரணங்கள் கூடியதைக் காட்டினார்கள்.

“இயற்கை மரணம்” என்ற அந்த ஒற்றை வரி ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கிறது? இயற்கை மரணம் என்றால் வேலையிட மரணம் அல்ல. வேலையிட மரணம் அல்ல என்றால் சட்டப்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு வீட்டில் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து பெட்டியில் உடல் வந்து இறங்கும் விமான நிலையங்களைத் தெரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மனத்தை உறுத்தும் இன்னொரு விஷயம் உண்டு. கோடை வெயிலில் ஆடுவது வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் ஆபத்து என்பதால் ஜூன், ஜூலையில் நடக்க வேண்டிய போட்டி நவம்பர், டிசம்பருக்குத் தள்ளப்பட்டது. 2015-இல் எடுத்த நல்ல முடிவு அது. அப்படியானால் அந்த வெயில் மனித உடலை என்ன செய்யும் என்பது சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு அன்றே தெரியும். கோடையில் திறந்தவெளி வேலைக்கான தடை நேரத்தைக் காலை 10 முதல் மாலை 3.30 வரை என்று கத்தார் நீட்டித்தது 2021-இல். அதற்குள் மைதானங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன.

சீர்திருத்தங்கள் நடக்கவே இல்லை என்பதும் தவறு. முதலாளி அனுமதித்தால்தான் வேலை மாறலாம் என்ற கஃபாலா முறையின் முக்கியக் கண்ணி 2020-இல் அறுக்கப்பட்டது. 2021 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. உலகத்தின் கண் அங்கே இருந்ததால் வந்த மாற்றங்கள் அவை. அதே அழுத்தத்தை 2010-இலேயே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பத்தாண்டு உழைப்பு அதன் நிழலில் நடந்திருக்கும்.

“குடிசைகளை அகற்றினாலும் மாற்று இடம் தருகிறார்களே!”

2010 ஏப்ரலில் டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயோரம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் தலித் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. காமன்வெல்த் போட்டிக்கு வாகன நிறுத்துமிடம் வேண்டியிருந்தது. போட்டிகளின் பேரில் அந்த ஆண்டுகளில் டெல்லியிலிருந்து குறைந்தது இரண்டு லட்சம் பேர் வெளியேற்றப்பட்டதாக வீட்டு, நில உரிமைகளுக்கான வலையமைப்பு மதிப்பிட்டது.

மாற்று இடம் கிடைத்தவர்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. யமுனைக் கரையிலிருந்து 2004-இல் அகற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நகரின் விளிம்பிலுள்ள பவானாவில் 18 சதுர மீட்டர், சிலருக்கு 12.5 சதுர மீட்டர் மனை கொடுத்தார்கள். பிழைப்போ நகரத்தின் நடுவில். வீட்டுவேலை செய்த பெண்கள் பஸ்ஸுக்கே பல மணி நேரம் செலவிட முடியாமல் வேலையை விட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றது. கல்யாணி மேனன்-சென், கௌதம் பான் இருவரும் பவானா குடும்பங்களைக் கணக்கெடுத்து இதைப் புத்தகமாகவே எழுதினார்கள்.

அகற்றித்தான் ஆக வேண்டுமா என்பதற்கு ரியோவில் ஒரு பதில் உண்டு. ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியிருந்த விலா ஆட்டோட்ரோமோ குடியிருப்பின் மக்கள், இரண்டு பல்கலைக்கழகங்களின் உதவியோடு, தங்களை அகற்றாமலே பூங்காவைக் கட்ட ஒரு திட்டம் வரைந்தார்கள். 2013-இல் அதற்குச் சர்வதேச விருது கிடைத்தது. நகர நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அறுநூறு குடும்பங்கள் அளவில் இருந்த இடத்தில், போராடி நின்ற இருபது குடும்பங்களுக்கு மட்டும் கடைசியில் அங்கேயே வீடு கிடைத்தது.

“வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்காது”

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஓராண்டில் தலைநகர் வட்டாரத்திலிருந்து 12,545 பேர் வெளியேற்றப்பட்டதாகத் தன்னார்வ அமைப்புகளின் கூட்டணி ஒன்று 2024-இல் கணக்கு வெளியிட்டது. தெருவில் படுத்தவர்கள், குடியேறிகள், ரோமா மக்கள். பலர் பஸ்களில் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

“பிரம்மாண்டமாக நடத்தாவிட்டால் நாட்டின் மானம் போய்விடும்”

டெல்லி 2010-இன் மொத்தச் செலவு 18,500 கோடி ரூபாயைத் தாண்டியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் குறிப்பிட்டார். பட்டியல் சாதி மக்களின் நலனுக்கென்றே ஒதுக்கிய சுமார் 700 கோடி ரூபாயும் இந்தப் போட்டிகள் பக்கம் திருப்பப்பட்டது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். ஜங்புராவில் வீடிழந்தவர்களைப் போன்ற மக்களின் பெயரால் ஒதுக்கப்பட்ட பணம் அது.

சின்னதாகவும் நடத்தலாம். 2026 காமன்வெல்த் போட்டிகளை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு இரண்டு மடங்குக்கு மேல் எகிறும் என்று கண்டு 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. அதை ஏற்ற கிளாஸ்கோ, பத்து விளையாட்டுகளை ஏற்கெனவே இருக்கும் நான்கு இடங்களிலேயே நடத்தத் திட்டமிட்டது. வீரர்களுக்குப் புதிய கிராமம் இல்லை. தங்குவதற்கு இருக்கிற விடுதிகள் போதும் என்று முடிவானது.

அகமதாபாத் அடுத்து எழுதப்போகும் கட்டுமான ஒப்பந்தங்களில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்: ஒவ்வொரு தொழிலாளியின் பதிவு, ஒவ்வொரு மரணத்துக்கும் பிரேதப் பரிசோதனை, அகற்றப்படக்கூடிய குடும்பங்களின் பட்டியல் முன்கூட்டியே பொதுவெளியில்.