கொக்கி ஊசியில் ஒரு சிறு விரிப்பு

பருத்தி நூலில் 6 சங்கிலி போட்டு வளையமாக்குவோம். அதற்குள் 12 நெடும்பின்னல். சுற்றுத் தொடக்கத்தில் ஏற்றும் 3 சங்கிலியும் ஒன்றாகக் கணக்கு. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு: 24. மூன்றாவதில் ஒன்றில் 1, அடுத்ததில் 2: 36. ஓரம் அலையடித்தால் பின்னல் கூடிவிட்டது. கிண்ணம்போலக் குவிந்தால் குறைவு. அவிழ்த்துப் போடுவதே நல்லது, இழுத்துச் சரிக்கட்ட முடியாது.

ஆந்திராவின் நரசாப்பூரில் மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டிற் பழக்கிய றேந்தையும் இதே கொக்கிப் பின்னல்தான். அது வெளிநாடெல்லாம் போனது. இலாபம் வியாபாரிகளுக்கு, பின்னிய பெண்களோ வீட்டில் பொழுதுபோக்குபவர்களாகவே எண்ணப்பட்டார்கள் என்று மரியா மீஸ் 1982இல் எழுதினார்.

ஆகவே ஓமந்தைச் சகோதரிகளே, வவுனியாக் கடைக்குக் கொடுக்குமுன் நூல் விலையோடு பின்னிய மணித்தியாலத்தையும் கொப்பியில் எழுதுவோம். அடுப்படியில் இருந்து பின்னிய அரைமணியும் சேரட்டும்.