பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யலாமா?

வன்னியில் கமம் செய்யும் வளவில் நாய் இல்லாமல் இருப்பது அரிது. காட்டுப்பன்றி பயிருக்குள் இறங்கினாலும், இரவில் முற்றத்தில் பாம்பு ஊர்ந்தாலும் முதலில் குரைத்து எழுப்புவது அதுதான். ஆனால் இடம்பெயரும் வேளையில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக நகர்ந்தபோதும் நம்மில் பலர் நாயை வாசலில் விட்டுவிட்டே வந்தோம். தோபித்து ஆகமத்தில் தோபியா பயணம் புறப்பட்டபோது நாயும் கூடவே போனது. நமக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அந்த நினைவினாலேயே, வளர்க்கும் நாய் குட்டி போடுவதைத் தடுக்க நமக்கு மனம் வருவதில்லை. எனினும் ஒருமுறை அமைதியாக யோசித்துப் பார்ப்போம்.

கணக்குப் பார்ப்போம்

பெட்டை நாய் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முதன்முறையாகப் பருவத்துக்கு வரும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஓர் ஈற்றில் நாலு முதல் எட்டுக் குட்டிகள் பிறப்பது வழக்கம். கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். பெட்டைக் குட்டிகள்தான் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தையடியிலும் குளக்கட்டிலும் விடப்படுகின்றன. அவற்றுள் பல பட்டினியால் இறக்கின்றன. தப்பியவை கூட்டமாகச் சேர்ந்து ஆட்டையும் கோழியையும் கடிக்கின்றன.

பெட்டைக்கா, கடுவனுக்கா?

அயலில் பத்துக் கடுவன்கள் இருந்து ஒன்பதுக்கு நலமடித்தாலும், மிஞ்சிய ஒன்றே போதும், பெட்டைகள் சினைப்பட்டுவிடும். பெட்டைக்குச் சத்திரசிகிச்சை செய்தால் அதன் ஈற்று முற்றாக நிற்கும். ஆகவே செலவுக்கோ வசதிக்கோ இடம் குறைவென்றால் முதலில் பெட்டையைக் கவனிப்போம். வயதான பெட்டைகளைக் கொல்லும் கருப்பைச் சீழ் நோயும் இதனால் தவிர்க்கப்படும். கடுவனுக்குச் செய்தால், பெட்டை தேடி அலைவதும் சண்டையிட்டுப் புண்படுவதும் பெரும்பாலும் குறையும்.

கேட்கப்படும் இரு கேள்விகள்

காவல் காக்காமல் சோம்பிப் படுத்துவிடுமா? நாம்பனை நலமடித்தபின் அது ஏர் இழுக்க மறுக்கிறதா? நாயும் அப்படித்தான். தன் வளவைக் காக்கும் குணம் மாறாது. உடல் சற்றுப் பருக்கலாம். தீனியை அளவாகக் கொடுத்தால் போதும்.

இது பாவமல்லவா? பிராணிகளைப் பராமரிக்கும் பொறுப்பை இறைவன் நம்மிடம் தந்திருக்கிறார். பிறக்கவிட்டுத் தெருவில் எறிவது அந்தப் பொறுப்பை மறுப்பதாகும்.

எப்போது, எப்படி?

முதல் ஈற்றுக்கு முன் செய்வது நல்லது. பருவத்தில் இருக்கும்போது இரத்தப்போக்கு கூடுதலாக இருக்கும் என்பதால் அது முடியும்வரை பொறுக்க வேண்டும். குட்டி போட்டிருந்தால் பால் மறந்தபின் கொண்டுபோகலாம். உண்ணி மொய்த்து, முரசு வெளுத்துப்போன நாய்க்கு முதலில் உண்ணிக் காய்ச்சலைக் குணமாக்க வேண்டும். மாரிகாலச் சேற்றில் காயம் எளிதில் சீழ்ப்பிடிக்கும். காலபோக அறுவடை முடிந்த பங்குனி மாதம் ஏற்றது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும்.

முதல்நாள் இரவுக்குப்பின் உணவு கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் பத்து நாட்களாவது கட்டி வைத்து, காயத்தை நக்காமலும் நனையாமலும் காக்க வேண்டும். வீக்கமோ நாற்றமோ கண்டால் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி வேறு

கருத்தடை செய்த நாய்க்கும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். இலங்கையில் 1973 இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துப் பேராகக் குறைந்ததற்கு நாய்களுக்குப் போடும் ஊசி முக்கிய காரணம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006 இல் நிறுத்தியது. இனி ஊசியும் கருத்தடையும்தான் நம் கையில் உள்ள வழிகள்.

எமது கருத்து இதுதான்: பிறக்கப்போகும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீட்டை இன்றே பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் நாய் ஈனட்டும். முடியாவிட்டால் கருத்தடை செய்வோம். நாளை மீண்டும் ஒரு பயணம் வந்தாலும், ஒரு நாயைக் கூட அழைத்துச் செல்லலாம். ஏழு குட்டிகளை முடியாது.

கலந்துரையாடுவோம்

1. நமது கிராமத்தில் எத்தனை பெட்டை நாய்கள் உள்ளன? எத்தனைக்கு ஊசி போடப்பட்டுள்ளது?
2. சென்ற ஆண்டு பிறந்த குட்டிகள் இப்போது எங்கே?
3. பத்து வீட்டார் ஒன்றுசேர்ந்து கால்நடை வைத்தியரைக் கிராமத்துக்கு அழைக்க முடியுமா?