ஆய்வு வினாவை வடிவமைத்தல்: சித்தன்னவாசல் காட்டும் நெறி

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு ‘ஓர் ஆய்வு’ என முடிகிறது. அது பொருளைச் சுட்டுமேயன்றி, அப்பொருள் குறித்து எதனை அறிய விழைகிறோம் என்பதைச் சுட்டாது. வினா இல்லாதவிடத்துத் தரவுத் தொகுப்பே ஆய்வாகிவிடும். வினா இருப்பினும் அதனுள் ஆராயப்படாத முற்கோள் மறைந்திருப்பின் விடை வழுவும். இதனைப் புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசல் ஓவியங்களின் காலக்கணிப்பு வழி இக்கட்டுரை விளக்குகிறது.

வினாவுள் மறைந்த முற்கோள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபிநாத ராவ், ழூவோ துப்ராய் ஆகியோர் இவ்வோவியங்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தனர். அவை 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை எனக் கொள்ளப்பட்டன. ‘இது எம்மன்னன் பணி?’ என்று வினவும்போதே, குடைவரையும் ஓவியமும் ஒரே காலத்தவை என்னும் முற்கோள் நுழைந்துவிடுகிறது.

குடைவரையின் முகப்பை ஒட்டிய பாறையிலுள்ள தமிழ்க் கல்வெட்டு அம்முற்கோளை அசைத்தது. 9ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததை அது தெரிவிக்கிறது. ஓவியத்தில் முற்பட்டதும் பிற்பட்டதுமான இரு படலங்கள் உண்டென்பதும் பின்னர் அறியப்பட்டது. அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், பல நூற்றாண்டுகள் பிற்பட்ட துறவியர் பெயர்களும் அருகருகே காணப்படுகின்றன. ஓரிடம் ஒரு காலத்திற்கே உரியது என்னும் கருத்து இங்குப் பொருந்தாமை தெளிவு.

வினாவைத் திருத்துதல்

எனவே, ஒற்றை வினாவைப் பகுத்தல் வேண்டும். குடைவரை குடையப்பட்ட காலம் எது? முதற்படலம் குடைவரையோடு ஒருகாலத்ததா? கல்வெட்டுக் கூறும் புதுப்பிப்பில் ஓவியம் தீட்டுதலும் அடங்குமா? இவற்றுள் முதலாவதற்குக் கட்டடக்கலை ஒப்பீடும், இரண்டாவதற்குச் சுதை, வண்ணம் ஆகியவற்றின் பகுப்பாய்வும், மூன்றாவதற்குக் கல்வெட்டுச் சொல்லாட்சி ஆய்வும் சான்றளிக்கும். வினா பிரிந்தவுடன் சான்றும் முறையியலும் தாமே பிரிந்து நிற்றல் காண்க.

இதனின்று மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன:

1. வினாவின் முற்கோள் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.
2. விடைக்குரிய சான்றுவகை முன்னரே சுட்டப்பட வேண்டும்.
3. எச்சான்று கிடைப்பின் கருதுகோள் கைவிடப்படும் என்பது கூறப்பட வேண்டும்.

முடிவுரை

மூன்றாம் அளவுகோலே பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. மறுக்கப்பட இயலாத வினா, ஆய்வாளர் முன்னரே கொண்ட முடிவை வழிமொழியவே உதவும். ‘சித்தன்னவாசல் ஓவியங்கள் – ஓர் ஆய்வு’ என்பதினும், ‘சித்தன்னவாசல் ஓவியத்தின் இரு படலங்களும் இளங்கௌதமன் புதுப்பிப்பும்: தொடர்பு உண்டா?’ என்பது சிறிய தலைப்பே. ஆயினும் ‘இல்லை’ என்னும் விடைக்கும் அது இடந்தருகிறது. ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யுமுன் நெறியாளரும் ஆய்வாளரும் இவ்வொன்றை உறுதிசெய்தல் தகும்.